கிளியின் மூன்றாவது மூக்கு

அறுத்துத் திருத்திய மூக்கைத் திரும்பவும் பழையபடி ஆக்க முடியுமா?

அத்தை இதை என்னிடம் கேட்டபோது பதில் தெரியவில்லை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று புரியாமல் வீட்டுக்கும் அத்தையின் கடைக்கும் நடையாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. எந்தக் கேள்விக்கும் எனக்கு அப்போது முழிக்கத்தான் தெரியும். அன்றும் முழித்தேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடையில், கண்ணாடியை அவரவர் முகத்துக்குப் பொருத்திக் கொடுப்பது அவள் வேலை. காதில் மாட்டும் கம்பியைச் சூடாக்கி வளைப்பாள். மூக்கில் உட்காரும் சின்னப் பட்டைகளைக் குறடால் மயிரிழை அளவு நகர்த்துவாள். மாட்டிவிட்டுக் குனியச் சொல்வாள், தலையை ஆட்டச் சொல்வாள். நழுவினால் மறுபடியும் முதலிலிருந்து. "என் மூக்கு சப்பைங்க, எதுவும் நிக்காது" என்று கூச்சப்படுகிறவர்களிடம், "மூக்கு நல்லாத்தான் இருக்கு. ஃபிரேம்தான் சொன்ன பேச்சு கேக்கல" என்பாள்.

ஆனால் தன் மூக்கை அவளுக்குப் பிடிக்காது. நடுவில் மேடாக எழுந்து நுனியில் வளைந்த மூக்கு. வீட்டில் அவளுக்குப் பேர் கிளி. பேர் வைத்தவர் என் அப்பா. வேடிக்கை என்னவென்றால் அப்பாவுக்கும் அச்சு அசலாக அதே மூக்குதான். அவருக்கு இருந்தால் கம்பீரம், அவளுக்கு இருந்தால் கிளி! கடையிலோ நாலு சுவரிலும் முகம் பார்க்கும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு முன்னால் அந்த மூக்கு வந்து நிற்கும். ஒருநாள், யாரிடமும் யோசனை கேட்காமல் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்துவிட்டாள்.

நேரான, சின்ன மூக்கு வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். அப்பா மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து அவளைக் கிளி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். பேரோடு சேர்ந்து பேச்சும் குறைந்தது.

ஒரு வருடம் கழித்து மூச்சுத் தொல்லை ஆரம்பித்தது. ஆழமாக இழுத்தால் மூக்கின் பக்கச் சுவர் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். கன்னத்தை ஒரு விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் காற்று நுழையும். கடைக்கு வருகிறவர்கள் அவள் ஏதோ யோசிக்கிறாள் என்று நினைத்துக் காத்திருப்பார்கள். தூக்கத்தில் வாயால் மூச்சு விட்டு, நாக்கு வறண்டு எழுந்து உட்காருவாள். போதாக்குறைக்கு, மேடு போனதிலிருந்து அவளுடைய கண்ணாடியே மூக்கில் நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் நிறுத்திக் கொடுக்கிறவள், தன் கண்ணாடியைப் பேச்சுக்குப் பேச்சு தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். எனக்குத் தெரியாததால் இரண்டு பேரும் வேறொரு டாக்டரிடம் போனோம். அந்த அம்மா பூசி மெழுகவில்லை.

"செதுக்கி எடுத்த எலும்பைத் திரும்ப வைக்க முடியாதும்மா. போனது போனதுதான். உங்க காதுலேர்ந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து, உள்ள முட்டுக் கொடுத்து, மேல லேசா மேடு கட்டலாம். பழைய மூக்கு வராது. மூணாவதா ஒரு மூக்கு வரும்."

"மூச்சு?"

"சரியாகறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா உள்ள தழும்பு இருக்கறதால ரெண்டாவது தடவை கஷ்டம். இன்னும் மோசமானாலும் ஆகலாம்."

அத்தை கன்னத்தில் விரலை வைத்து ஒரு மூச்சு இழுத்தாள். "முதல் தடவை நான் இதையெல்லாம் கேக்கவே இல்ல டாக்டர். எப்ப கட்டுப் பிரிப்பீங்கன்னு மட்டும்தான் கேட்டேன்" என்றாள்.

பழைய மூக்கு பக்கவாட்டில் தெரிகிற போட்டோ ஒன்று வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் அலமாரியையே கவிழ்த்தோம். எல்லாப் படத்திலும் அத்தை கேமராவை நேருக்கு நேராக முறைத்துக்கொண்டிருந்தாள். மற்றதையெல்லாம் அவளே கிழித்துப் போட்டிருந்தாள்.

"ஒண்ணுகூடவா மிச்சம் வைக்கல அத்தை?"

"எந்த வேலையையும் அரைகுறையா விடுற பழக்கம் எனக்கு இல்லடி."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். கூடத்தில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில்.

"அண்ணே, உன் மூக்கு வேணும்."

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எடுத்துக்கோ. நான் அதை வச்சு என்ன பண்றேன், அடுத்தவங்க விஷயத்துல நுழைக்கறதைத் தவிர."

மறுநாள் டாக்டர் அறையில் ஒரு முக்காலியில் அப்பா விறைப்பாக உட்கார்ந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். வலது பக்கம் திரும்பச் சொன்னால் வலது கையையும் நீட்டினார். படம் எடுத்து முடித்ததும் தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், என் மூக்குலேர்ந்தே கொஞ்சம் எடுத்து இவளுக்கு வச்சிட முடியாதா? எனக்கு நிறையவே இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

"அவங்க உடம்புலேர்ந்து எடுக்கறதுதான் நல்லதுங்க. காது இருக்கே" என்றார் டாக்டர்.

அப்பா அத்தையைப் பார்த்தார். "உன் காது ஒண்ணைத்தான் நான் கிண்டல் பண்ணாம விட்டு வச்சிருந்தேன்."

"நீ கிண்டல் பண்ணதால நான் போகல. கண்ணாடியில பார்த்தேன், பிடிக்கல, போனேன். இப்பவும் நானாத்தான் போறேன்" என்றாள் அத்தை.

எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது அந்த நொடியில்தான். பழியைத் தூக்கிப் போட ஒரு ஆள், அதுவும் தலை குனிந்துகொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் போடவில்லை.

கட்டுப் பிரித்த நாளில் டாக்டர் முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினார். அத்தை அதை மடியில் கவிழ்த்து வைத்தாள். வாயை இறுக மூடினாள். கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோகாமல், மூக்கால் ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகுதான் கண்ணாடியைத் திருப்பினாள்.

வீக்கம் முழுசாக வடிய மாதக்கணக்கில் ஆனது. பழைய மூக்கு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று, சின்ன மேட்டோடு. அதில் கண்ணாடி நிற்கிறது. அப்பா தள்ளி நின்று, கிட்டே வந்து பார்த்தார். "கிளி இல்ல. கிளிக்குஞ்சு."

"உனக்கு வாய்க்கொழுப்பு குறையவே இல்லண்ணே" என்று சிரித்தாள் அத்தை. அன்று முதல் வீட்டில் அவள் திரும்பவும் கிளி.

இப்போது கடையில் யாராவது மூக்கு ஆபரேஷன் பற்றி இழுத்தால், போகாதே என்று அவள் சொல்வதில்லை. "திரும்ப மாத்தலாமான்னு முதல்லயே கேட்டுட்டுப் போ. மாத்தலாம், ஆனா பழசு வராது" என்று சொல்லிவிட்டு, காதுக்குப் பின்னால் இருக்கும் தழும்பைக் காட்டுகிறாள்.

நீங்களும் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். யாரையும் பயமுறுத்த வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். எழுதட்டுமா என்று அத்தையிடம் கேட்டுவிட்டேன். "கிளின்னே எழுது, அப்பதான் ஞாபகம் இருக்கும்" என்றாள்.