கொம்புக் குழல்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஸப்வானின் பட்டறையைத் தேடுகிறவர்கள் முதலில் பக்கத்து டயர்க் கடையில்தான் போய் நிற்பார்கள். பெயர்ப்பலகை கிடையாது. பலகை போட்டால் கண்டவனெல்லாம் வருவான் என்பது அவருடைய கட்சி. வர வேண்டியவர்கள் எப்படியோ வந்து சேர்ந்தார்கள்: அப்பாவின் அலுமாரியில் கிடந்த சுங்கானோடு, அதாவது புகைக்குழாயோடு, ஒருவர், தேயிலைத் தோட்டத்துத் துரை விட்டுப்போன சுங்கானை ஏலத்தில் எடுத்த இன்னொருவர். சுங்கானின் மரக்கிண்ணம் தலைமுறை தாண்டியும் நிற்கும். வாயில் வைக்கிற குழல்தான் பல் பட்டுப் பட்டு வெடித்துப்போகும். ஸப்வான் கிண்ணத்தின் கரியைச் சுரண்டி, உப்பும் ஸ்பிரிட்டும் போட்டு ஊறவைத்துப் பழைய வாடையை எடுத்துவிட்டு, எபனைட் என்ற கறுத்த ரப்பர்க் கோலில் புதுக் குழல் கடைந்து கொடுப்பார். அவர் புகைப்பதில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். அதற்கே இருமி இருமிக் கண் சிவந்துவிட்டது.

தில்லைநாதனும் முதலில் வெடித்த குழலோடுதான் வந்தார். வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், வெள்ளவத்தைக்காரர். பிறகு வேலை இல்லாமலும் வரத் தொடங்கினார். சனிக்கிழமை என்றால் பஸ் பிடித்து வந்து, கடைசல் இயந்திரத்துக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நாட்டு நடப்பெல்லாம் கதைத்துவிட்டுப் போவார். ஸப்வானுக்கு வேறு சிநேகிதர் என்று சொல்ல ஆளில்லை. நாக்கு அவருக்குக் கொஞ்சம் கூர்மை; மற்றவர்கள் நின்று பிடிக்கவில்லை. தில்லைநாதன் நின்று பிடித்தார்.

தில்லைநாதன் சுத்த சைவம். கேக்கைக்கூட முட்டை மணக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடுவார். நோன்புப் பெருநாளுக்கு அவரை அழைத்தால், ஸப்வானின் மனைவி பைறோஸா அவருக்கென்று வைத்திருக்கும் தனிச் சட்டியில்தான் சமைப்பாள்.

டொலர் இல்லாமல் நாடு வரிசையில் நின்ற காலத்தில் எபனைட் கோல் வருவதும் நின்றுபோனது. அந்த நேரம் பார்த்துத் தில்லைநாதனின் குழல் மறுபடி வெடித்தது. மனிதர் அதற்கு டேப் சுற்றி வைத்துக்கொண்டு, அவசரமில்லை, கோல் வரட்டும் என்றார். ஸப்வானுக்குத்தான் பொறுக்கவில்லை. தன் கையால் செய்த குழல் டேப்போடு திரிவதா என்ற ரோசம். மருதானையில் கொம்புச் சீப்பு செய்கிற ஒருவரிடம் போய், பார்த்துப் பார்த்து ஒரு எருமைக் கொம்பு வாங்கி வந்தார். துளை போடும்போது மயிர் பொசுங்குகிற நாற்றம். சூடு கூடினால் கீறும், குறைந்தால் வளையாது. இரண்டு குழல்களைப் பாழாக்கி மூன்றாவதை அரத்தாளால் தேய்த்து எடுத்தபோது, கருமைக்குள் தேன் நிறம் ஓடி அது மினுங்கியது. அவர் செய்ததிலேயே அழகான குழல் அதுதான்.

சனிக்கிழமை வந்த தில்லைநாதன் புதுக் குழலைத் தன் சுங்கானில் பொருத்தி, வாயில் வைத்து வெறுங்காற்றை இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “இது என்ன சாமான், ஸப்வான்? கண்ணாடி மாதிரிக் கிடக்கு.”

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் ஸப்வான். “எருமக் கொம்பு, ஐயா. இப்பிடி ஒண்டு கொழும்புலயே இல்ல.”

தில்லைநாதன் அதை வாயிலிருந்து மெல்ல எடுத்து, முகம் துடைக்கும் லேஞ்சியில் சுற்றினார். நல்ல வேலை என்றார். வெளிக்குழாயடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். வெயிலுக்கு முகம் கழுவுகிறாராக்கும் என்று ஸப்வான் நினைத்தார். அன்று தேத்தண்ணி வரும் முன்பே அவர் கிளம்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

சோறு போடும்போது விஷயத்தைக் கேட்ட பைறோஸாவின் கை அப்படியே நின்றது. “கொம்பையா அந்த மனிசன்ட வாய்க்குக் குடுத்தீங்க?”

ஸப்வானுக்கு அப்போதுதான் உறைத்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை, தனிச் சட்டி அவர் வீட்டு அடுப்படியிலேயே தொங்கியது. பட்டறைக்குள் கொண்டுவந்த பிறகு அந்தக் கொம்பு அவருக்கு எருமையாகத் தெரிந்திருக்கவில்லை. கடையத் தோதான கோலாகத்தான் தெரிந்திருந்தது. ஒருமுறை தில்லைநாதன் கனடாவில் இருக்கும் மகளிடம் சொல்லி ஸப்வானுக்கு ஒரு பொலிஷ் பிரஷ் எடுப்பித்தார். அதில் பன்றி மயிர் என்று அறிந்து, மகளைத் திரும்பக் கடைக்கு அனுப்பி மாற்றுவித்த பிறகுதான் கொண்டுவந்து கொடுத்தார். அதை நினைத்து ஸப்வான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

இன்றைக்கே போய் ஒரு சொல் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள் பைறோஸா. வெறுங்கையோடு எப்படிப் போவது என்றார் இவர். எபனைட்டில் ஒரு குழல் கடைந்து கொண்டுபோய்க் கொடுத்தால்தான் மன்னிப்புக் கேட்டதாகும் என்று இவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். மன்னிப்பையும் இயந்திரத்தில் பூட்டிக் கடையலாம் என்று நினைத்த மனிதரை என்னவென்று சொல்வது?

கோல் வர ஒரு வருடத்துக்கு மேலானது. வந்த கையோடு பழைய அளவிலேயே ஒரு குழல் கடைந்து எடுத்துக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தைக்குப் போனார். தில்லைநாதனின் மனைவி நாகேஸ்வரி கதவைத் திறந்தார். கூடத்தில் மேசை, அலுமாரி என்று தளபாடமெல்லாம் குறைந்திருந்தது. தில்லைநாதன் எழுந்து வந்து, பழையபடியே தோளில் தட்டி உட்காரவைத்தார். சுங்கானை எடுத்துவந்து புதுக் குழலைப் பொருத்திப் பார்த்தார். மயிரிழை இடைவெளி இல்லை.

“ஏன் ஸப்வான் இவ்வளவு நாளும் வரேல்லை?”

“கோல் வரல்ல, ஐயா.”

“கோல் வராட்டி நீர் வரப்பிடாதோ?” தில்லைநாதனின் குரலில் கோபம் இல்லை. “கொம்பை நான் அண்டைக்கே மறந்திட்டன். நானாய் வந்தால் உமக்கு வெக்கமா இருக்கும் எண்டுதான் வராமல் நிண்டனான். இண்டைக்கு வருவீர், இண்டைக்கு வருவீர் எண்டு பாத்துப் பாத்துச் சனிக்கிழமையிலை நான் ஒரு இடமும் போறேல்லை.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஸப்வான் சொன்னார். சொல்ல ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. மனம் லேசாகி, இந்தச் சனிக்கிழமை பட்டறைக்கு வாருங்கள், பைறோஸாவும் தேடுகிறாள் என்று அழைத்தார்.

தில்லைநாதன் மனைவியைப் பார்த்தார். நாகேஸ்வரி தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்: “வியாழக்கிழமை பிளைட், தம்பி. மகளிட்டையே போறம். வீட்டையும் குடுத்தாச்சு, இனித் திரும்பி வாற எண்ணமில்லை.”

ஒரு கறுத்த கோலுக்காக அத்தனை சனிக்கிழமைகளையும் வீணாக்கிய ஸப்வான், தேத்தண்ணியைத் தொடாமல், தில்லைநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.