மாமாவின் இடுப்பளவு

ஒன்பது வயதில் நான் ஒரு பெரிய மோசடி செய்தேன். மாமாவின் இடுப்பில் செய்தேன். இன்றுவரை அதற்காக வெட்கப்படவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து படகும் லொறியுமாக மாறி மாறி வந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் படியேறியபோது எலும்பும் தோலுமாக இருந்தார். கனடாவிலிருந்த பெரியம்மா அவரைக் கூப்பிட எல்லாம் ஒழுங்குசெய்துவிட்டார். மருத்துவச் சோதனை ஒன்றுதான் பாக்கி.

"இந்த உடம்போட போனா மெடிக்கல்ல தள்ளிப்போடுவாங்கள். முதல்ல கொஞ்சம் சதை வைக்கட்டும்," என்றார் அப்பா.

அப்பா நில அளவைக் கந்தோரில் படம் வரைபவர். அளக்காமல் எதையும் நம்பமாட்டார். தராசு எலும்பையும் கொழுப்பையும் சேர்த்தே நிறுத்துவிடுமாம், அதில் அவருக்குத் திருப்தியில்லை. ஏதோ ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து வேறொரு வழியை எழுதிக்கொண்டு வந்தார். கழுத்தின் சுற்றளவு, தொப்புளுக்கு நேரே இடுப்பின் சுற்றளவு, உயரம் ஆகிய மூன்றும் இருந்தால், உடம்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்று மடக்கை அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடலாமாம். மாமாவுக்குப் பதினைந்து வந்ததும் சோதனைக்கு நாள் கேட்பது என்று முடிவாயிற்று.

ஞாயிறு காலையில், வெறும் வயிற்றில் அளவெடுப்பு. பென்சில் அப்பாவிடம், நாடா என்னிடம். அளப்பவருக்குச் சொந்த நலன் எதுவும் இருக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. வீட்டில் அப்படிப்பட்டவள் நான்தான் என்று பாவம் நம்பினார். தன்னையும் அளக்கச் சொன்னவர் அம்மாவையும் கூப்பிட்டார். "என்ர இடுப்பு இருக்கிற மாதிரியே இருக்கட்டும்," என்று அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

எனக்கோ மாமா போகவே கூடாது. பின்னேரம் கடற்கரையில் என்னோடு ரயில் பெட்டிகளை எண்ணவும், சீட்டாட்டத்தில் என்னைப் பெரிய ஆளாக மதித்துச் சண்டைபிடிக்கவும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் செய்தாகவேண்டிய பொலிஸ் பதிவுக்குப் போய்வந்த கதையை நடித்துக்காட்டி அம்மாவைச் சிரிக்கவைக்கவும் அவரைவிட்டால் யார்? ஆகவே மாமாவின் இடுப்பில் நாடாவைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். அப்பாவின் இடுப்பை மட்டும் நேர்மையாக அளந்தேன்.

வாரங்கள் போயின. முட்டைக்கோப்பியும் நெய் விட்ட பருப்பும் இரவில் பாலும் வாழைப்பழமுமாக அம்மா ஊட்டாத குறைதான். மாமாவின் கன்னங்கள் உப்பின. கணக்கோ பதினொன்றைத் தாண்டவில்லை. மாமாவுக்குச் செய்ததில் மிஞ்சியதைச் சாப்பிட்ட அப்பாவுக்குத்தான் மளமளவென்று ஏறியது.

"சாப்பிடுறதெல்லாம் எங்கயடா போகுது?" என்று அம்மா கவலைப்பட்டார்.

"ருசியாத்தான் இருக்கு அக்கா. ஆனா உடம்பில ஒட்டுதில்லை," என்று மாமா தட்டை மறுபடி நீட்டினார்.

நாடா இழுபட்டுவிட்டதென்று அப்பா புது நாடா வாங்கினார். அட்டவணையில் அச்சுப்பிழை தேடினார். என்னை மட்டும் சந்தேகிக்கவில்லை.

கடைசியில் மாமாவின் காற்சட்டை பூட்ட மறுத்துவிட்டது. மூவருமாகக் காலி வீதி என்ற பெரிய வீதியிலிருந்த தையற்காரரிடம் போனோம். அவர் மாமாவின் வயிற்றில் மெல்லத் தட்டி, "இளக்கி நில்லுங்கோ தம்பி," என்று சொல்லி நாடாவைச் சுற்றினார்.

"முப்பத்திரெண்டரை."

அன்று காலையில் நான் சொன்னது இருபத்தொன்பதரை. அப்பா இன்னொரு தரம் அளக்கச் சொன்னார். அதே முப்பத்திரண்டரை. மாமா சுழலும் விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்தார். "மாமா போகவேண்டாம்," என்று நான் ஓவென்று அழுதேன். அடி விழுமென்று நினைத்தேன். அப்பாவோ சிரிக்கத் தொடங்கினார், தையற்காரரும் சேர்ந்து சிரித்தார், மாமா சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்தது. திரும்பும் வழியில் எல்லோரும் ஐஸ்கிறீம் சாப்பிட்டோம். மோசடிக்காரிக்கு இரண்டு கிடைத்தது.

மாமா சோதனையில் தேறினார். இரண்டு மாதத்தில் போய்விட்டார்.

அண்மையில் வைத்தியர் இடுப்பை அளந்துவரச் சொன்னாரென்று என் கணவர் நாடாவை என்னிடம் தந்தார். பழைய குறும்பு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பார்த்தேன். அவர் "ஆ" என்று கத்தினார். ஒரு அங்குலத்துக்கு மேல் குறையவில்லை. அப்படியானால் ஒன்பது வயது விரல்களுக்கு மூன்று அங்குலம் எப்படிக் கிடைத்தது? மாமாவும் ஞாயிறுதோறும் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறார். போக விருப்பமா என்று அவரை அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.