ஒன்பதாம் நம்பர் பீல்டில் லாகரிதம்

1. நூறு இலை

ஒன்பதாம் நம்பர் பீல்டில் சிவப்புச் சிலந்தி ஏறிய வருஷம், நான் பூச்சி எண்ணும் வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. பிரிஞ்சாங் என்ற மலை ஊருக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டம். அதற்கு முன்னால் அதே தோட்டத்தின் தொழிற்சாலையில் தூள் பொட்டலம் போடும் பிரிவில் நான்கு வருஷம் நின்றேன். வெளியே வெயிலும் பனியும் படுகிற வேலை கிடைத்ததும் ஓடி வந்துவிட்டேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக இந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பீல்டுக்கும் வாரத்தில் ஒரு நாள். கொழுந்தைத் தொடக் கூடாது. அதற்குக் கீழே இருக்கும் முற்றிய இலையாகப் பார்த்து, பீல்டு முழுக்கப் பரவலாக நூறு இலை கிள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் லென்ஸுக்கு அடியில் வைத்து எத்தனை சிலந்தி என்று எண்ண வேண்டும். சிலந்தி என்று பெயர்தானே தவிர, வீட்டுச் சுவரில் ஓடுகிற சிலந்தி இல்லை. வெறும் கண்ணுக்குச் செம்மண் தூசி மாதிரித் தெரியும். லென்ஸில் பார்த்தால் எட்டுக் காலோடு நடக்கும். அது சாற்றை உறிஞ்ச உறிஞ்ச இலை செம்பு நிறமாகிவிடும். பிறகு செடி கொழுந்தே விடாது.

எங்கள் தோட்டத்தில் விதி ஒன்று உண்டு. நூறு இலையில் நானூறு சிலந்தி, அதாவது இலைக்கு நான்கு, வந்துவிட்டால் பீல்டு முழுக்க மருந்து அடிக்க வேண்டும். மருந்து பட்ட இடத்தில் இரண்டு வாரம் கொழுந்து பறிக்கக் கூடாது.

அந்த வருஷம் மழை நின்று ஆறு வாரமாகியிருந்தது. ஒன்பதாம் நம்பரின் ஓரமாகப் போகும் லோரிப் பாதையிலிருந்து புழுதி எழும்பி, பாதையை ஒட்டிய செடிகளெல்லாம் சாம்பல் பூசிய மாதிரி நின்றன. சிலந்திக்கு அதுதான் வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை முப்பது எண்ணினேன். அடுத்த வெள்ளி நாற்பத்தெட்டு. மூன்றாவது வெள்ளி எழுபத்தேழு.

அன்று மதியம் ஆபீஸில் மேனேஜரிடம் தாளைக் கொடுத்தேன். ஐம்பது வயதுக்காரர். நாங்கள் எங்களுக்குள் பேசும்போது பெரிய துரை என்போம், நேரில் சார். தாளைப் பார்த்தார், விரலை மடக்கினார்.

"முதல்ல பதினெட்டு ஏறிச்சு, அப்பறம் இருபத்தொம்பது. சரி, வாரத்துக்கு முப்பதுன்னே வச்சுக்கோ. நானூறுக்குப் போக இன்னும் பதினோரு வாரம் இருக்கு லா. அதுக்குள்ள மழை வந்துரும். நல்லா கொழுந்து விட்டுக்கிட்டு இருக்கிற நேரத்துல நான் ஏன் பீல்ட மூடணும்?"

அவர் சொன்னதில் தப்பு தெரியவில்லை. ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை. பதினெட்டு ஏறியது இருபத்தொன்பதாக மாறியிருக்கிறது. அடுத்த வாரமும் ஏன் முப்பதோடு நிற்க வேண்டும்? இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

2. பாரம் நாலில் விட்டுப் போனது

இங்கே என் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பதினாறு வயதில், பாரம் நாலு வகுப்பில், கூடுதல் கணிதம் எடுத்திருந்தேன். லாகரிதம் வரும்வரை சமாளித்தேன். இரண்டு பத்தைப் பெருக்கினால் நூறு, அதனால் நூறுக்கு லாக் இரண்டு. மூன்று பத்தைப் பெருக்கினால் ஆயிரம், அதற்கு மூன்று. இதுவரை சரி. பிறகு ஐம்பதுக்கு லாக் தட்டிப் பார்க்கச் சொன்னார்கள். கால்குலேட்டர் 1.699 என்று காட்டியது. எனக்கு அங்கேயே வண்டி நின்றுவிட்டது. ஒரு பத்தைப் பெருக்கலாம், இரண்டு பத்தைப் பெருக்கலாம். 1.699 பத்தை எப்படிப் பெருக்குவது?

எழுந்து கேட்டேன். ஆசிரியை நல்லவர்தான். அன்றைக்கு முடிக்க வேண்டிய பாடம் அவருக்கு நிறைய இருந்தது. அந்தப் பித்தானை அழுத்தினால் விடை வரும், பரீட்சைக்கு அது போதும் என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த விதியை எழுதப் போய்விட்டார். விதிகளை மனப்பாடம் செய்தேன். அரையாண்டுப் பரீட்சையில் பதினெட்டு மார்க். அடுத்த மாதமே அந்தப் பாடத்தை விட்டுவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த கஸ்தூரி தொண்ணூறு வாங்கினாள். அவள் மேலே படிக்கவில்லை. திரிங்காப் என்ற பக்கத்து ஊரில் குடும்பத்தோடு சாமந்திப் பூப் பண்ணை வைத்திருக்கிறாள். பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் பூ, வாரத்தில் மூன்று நாள் கீழே போகும் லோரி, அதுதான் அவள் வாழ்க்கை. சாமந்திக்கும் சிலந்தி வரும். அதனால் சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

3. திரிங்காப்பில் ஒரு மத்தியானம்

கஸ்தூரி பூவைப் பத்துப் பத்தாகக் கட்டிக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் என் மூன்று எண்ணையும் சொன்னேன். அவள் கையை நிறுத்தாமலே, கூட்டிப் பார்க்காதே, வகுத்துப் பார் என்றாள்.

போனை எடுத்து வகுத்தேன். நாற்பத்தெட்டை முப்பதால் வகுத்தால் 1.6. எழுபத்தேழை நாற்பத்தெட்டால் வகுத்தால் 1.604. இரண்டும் ஒன்றுதான். மூன்று வாரமாக என் கையிலேயே இருந்த தாளில் இப்படி ஒரு ஒழுங்கு இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

"அது வாரா வாரம் கூடல. பெருகுது," என்றாள் கஸ்தூரி. "பொறந்த குட்டியும் குட்டி போடும்ல. இப்ப எல்லாத்துக்கும் லாக் எடு."

லாக் என்றதும் பழைய பயம் வந்தது. 1.699 கதையைச் சொன்னேன். பத்து வருஷமாக எனக்குப் பதில் தெரியாத கேள்வி அது என்றேன். அப்போதுதான் அவள் கட்டைக் கீழே வைத்தாள்.

"ஒன் சிலந்தி வாரத்துக்கு ஒரு தடவ ஒன்னு புள்ளி ஆறால பெருகுது. சரியா? அப்ப திங்கக்கெழம எண்ணிருந்தா என்ன இருந்திருக்கும்?"

"நடுவுல ஏதாச்சும் இருந்திருக்கும்."

"ஏன்? வெள்ளிக்கெழம நீ வர்ற வரைக்கும் அதுங்க சும்மா உக்காந்திருந்துட்டு, ஒன்னப் பாத்ததும் பெருகுதா?"

"இல்ல. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா பெருகும்."

"அப்ப திங்கக்கெழம எத்தன தடவ பெருகியிருக்கு? ஒரு தடவ முழுசா ஆகல. அரை தடவைக்குக் கொஞ்சம் கம்மி. அவ்ளோதாண்டி. முழு தடவைக்கு நடுவுலயும் பெருக்கல் நடந்துக்கிட்டேதான் இருக்கு. அது எவ்ளோ தூரம் வந்திருக்குன்னு சொல்றதுதான் லாக்."

நான் அங்கிருந்த காலிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பது என்பது ஒரு பத்தைத் தாண்டிவிட்டது, இரண்டாவது பத்தை இன்னும் முடிக்கவில்லை. வழியில் எங்கேயோ இருக்கிறது. எங்கே என்றால் 1.699-இல். அந்த எண் பித்தானை அழுத்தினால் வருகிற மந்திரம் இல்லை, வழியில் நிற்கிற ஒரு இடம். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பூக் கட்டிக்கொண்டிருந்த கஸ்தூரியின் அண்ணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பூ சுற்றும் காகிதத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டோம். முப்பதுக்கு லாக் 1.48. நாற்பத்தெட்டுக்கு 1.68. எழுபத்தேழுக்கு 1.89. மூன்று புள்ளி வைத்து அளவுகோலை வைத்தேன். மூன்றும் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. வாரத்துக்கு 0.20 ஏறுகிறது. நானூறுக்கு லாக் 2.60. இன்னும் ஏற வேண்டியது 0.71. இருபதால் எழுபத்தொன்றை வகுத்தால் மூன்றரை.

பதினோரு வாரம் இல்லை. மூன்றரை வாரம்.

மோட்டாரை எடுக்கும்போது கஸ்தூரி வெளியே வந்து, கியா பார்ம் வளைவில் சுற்றுலா வண்டிகள் நிற்கும், கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டாதே என்றாள். போட்டுக்கொண்டேதான் ஓட்டினேன்.

4. மேசைக் கண்ணாடிக்கு அடியில்

திங்கட்கிழமை காலை காகிதத்தோடு ஆபீஸ் வாசலில் நின்றேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். மூன்றரை வாரம் என்றதும் புருவத்தைத் தூக்கினார். நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சிலந்தி இப்போதைக்குப் பெரும்பாலும் பாதையை ஒட்டிய ஆறு ஏக்கரில்தான் இருக்கிறது. அங்கே மட்டும் இப்போதே மருந்து அடித்தால், மற்ற ஐம்பது ஏக்கரை மூட வேண்டிய நிலை வராது.

"மூணே மூணு புள்ளி. எந்த மூணு புள்ளிய வச்சாலும் ஒரு கோடு வரும்மா," என்றார். "ஒன்னு செய். இந்த வெள்ளிக்கெழம எவ்வளவு வரும்னு இப்பவே எழுதிக் குடு. அது வந்துச்சுன்னா நான் மருந்து அடிக்கிறேன்."

அவர் கணக்குப்படி நூற்றேழு. என் கணக்குப்படி நூற்று இருபத்து மூன்று. துண்டுச் சீட்டில் 123 என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார்.

அந்த நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை ஒரு யோசனை வந்தது. நானே எண்ணினால் 123 வரும்வரை என் கண் தேடும். நான் வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் செய்துவிடுவேன். அதனால் கங்காணி அஞ்சலை அக்காவிடம் போனேன். ஒன்பதாம் நம்பரில் கொழுந்து பறிக்கும் இருபது பேர் அவருக்குக் கீழேதான். பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்கள். பீல்டை மூடினால் அத்தனை பேருக்கும் வேறு வேலை தேட வேண்டியது அவர்தான். சிலந்தி இல்லை என்று ஆனால் அவருக்குத்தான் நிம்மதி. அப்படிப்பட்டவர் எண்ணட்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை இலையை அவரே கிள்ளினார், லென்ஸையும் அவரே பிடித்தார். நான் எழுதிக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் ஐம்பது இலை பீல்டின் மேல்பகுதியில் கிள்ளியவை. மொத்தம் பதினாறு. இப்படியே போனால் நூறு இலைக்கும் முப்பத்திரண்டுதான். அக்கா அடுத்த கட்டை எடுத்தார். பாதையோரத்து இலைகள். மூன்று, ஐந்து, ஒன்று, ஏழு, நான்கு. ஒரே இலையில் ஒன்பது வந்தபோது லென்ஸை என்னிடம் நீட்டினார்.

"இத நீயே பாரு. மொளகாத் தூள் மாதிரி ஓடுது."

கூட்டினேன். ஒரு தடவை கூட்டி, நம்பாமல் இன்னொரு தடவை கூட்டினேன். நூற்றுப் பத்தொன்பது. மேனேஜரின் நூற்றேழைத் தாண்டிவிட்டது, என் எண்ணுக்கு நான்குதான் குறைவு.

சொல்லத் தெரியவில்லை அந்தச் சந்தோஷத்தை. திங்கட்கிழமை நான் எழுதிய எண்ணைத் தேடிக்கொண்டு ஒரு மலைச்சரிவு முழுக்க இருந்த உயிர்கள் நான்கு நாளில் நடந்து வந்திருக்கின்றன. ஆபீஸ்வரை ஓடினேன். மேனேஜர் கண்ணாடியைத் தூக்கிச் சீட்டை எடுத்து, என் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டோருக்குப் போன் போட்டு, ஆறு ஏக்கருக்கு மருந்து இருக்கிறதா என்று கேட்டார்.

ஆறு ஏக்கரை மட்டும் மூடினோம். மற்ற இடத்தில் பறிப்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை.

5. நான்காம் நம்பர்

இதோடு நிறுத்தினால் நான் பெரிய ஆள் மாதிரித் தெரியும். அடுத்த மாதம் நடந்ததையும் சொல்கிறேன்.

அந்த வெற்றி என் தலைக்கு ஏறிவிட்டது. எதைப் பார்த்தாலும் லாக் எடுத்தேன். நான்காம் நம்பர் பீல்டில் இருபத்திரண்டு, முப்பத்தைந்து, ஐம்பத்தாறு என்று வந்தது. அதே 1.6. அங்கே பாதை இல்லை, புழுதி இல்லை, சிலந்தி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருந்தது. நேராக மேனேஜரிடம் போய், இதுவும் அதே கோடுதான் சார், மருந்து அடிக்கும் முன் இருக்கிற கொழுந்தையெல்லாம் சீக்கிரம் பறித்துவிட வேண்டும் என்றேன். ஒரு மாதத்துக்கு முன் கேள்வி கேட்டவர் இந்தத் தடவை கேட்கவில்லை. பதினோராம் நம்பரில் பறித்துக்கொண்டிருந்த அக்காவின் ஆட்களை அப்படியே நான்காம் நம்பருக்கு மாற்றச் சொன்னார்.

அஞ்சலை அக்கா மட்டும் வானத்தைக் காட்டி, மூட்டமாக இருக்கிறதே என்றார். நான் காகிதத்தைக் காட்டினேன்.

மறுநாள் மழை பிடித்தது. ஐந்து நாள் விடவே இல்லை. இலைமேல் இருந்த சிலந்தியை அடித்துக்கொண்டு போய்விட்டது. கோட்டின்படி தொண்ணூறு வர வேண்டிய நாளில் எண்ணினேன். பதினான்கு. இதற்கிடையில் ஆள் இல்லாமல் விட்ட பதினோராம் நம்பரில் கொழுந்து முற்றிவிட்டது. ஒரு சுற்றுக் கொழுந்தை வெட்டிக் கீழே போட வேண்டியதாயிற்று. மழையில் நனைந்துகொண்டே வெட்டிய அக்கா என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

நானே மேனேஜரிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். அவர் திட்டவில்லை. பெருக்கினது சரிதான், ஆனால் 1.6 என்பது வெயிலோட எண், மழைக்கு வேறு எண் இருக்கிறது, அதை நீ கண்டுபிடிக்கவில்லை என்றார். தானும் கேட்காமல் விட்டதாகச் சொன்னார்.

கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அன்று சாயங்காலம் அந்தப் பதினான்கைக் காகிதத்தில் வைத்தபோது எனக்குப் பழையபடி மனசு துள்ளியது. கோடு நேராக ஏறிக்கொண்டே வந்து, மழை தொடங்கிய வாரத்தில் பட்டென்று ஒடிந்து கீழே இறங்கியிருந்தது. எண்களை வரிசையாக எழுதி வைத்திருந்தால் குறைந்துவிட்டது என்று மட்டும்தான் தெரிந்திருக்கும். இங்கே மழை என்ன செய்தது, எவ்வளவு செய்தது என்று அளவுகோல் வைத்துச் சொல்ல முடிந்தது. கஸ்தூரிக்குப் போன் போட்டு, கோடு ஒடிந்துவிட்டது என்றேன்.

"எவ்ளோ எறங்குச்சு? சொல்லு, நானும் எழுதிக்கிறேன். இங்கயும் அதே மழதான்," என்றாள்.

இப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. பூச்சிப் பிரிவில் எனக்குக் கீழே நான்கு பேர் இருக்கிறார்கள். சேரும்போது எல்லாரிடமும் சொல்கிறேன்: பெருகுகிற எதையும் கூட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள், லாக் எடுங்கள். எடுத்த கோட்டையும் ஒரு வாரத்துக்கு மேல் நம்பாதீர்கள், அடுத்த வாரம் போய் மறுபடி எண்ணுங்கள். கோட்டை விட்டு விலகி ஒரு புள்ளி விழுந்தால் அதை அழிக்க வேண்டாம். அந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டு பீல்டுக்குப் போங்கள். அங்கே ஏதோ நடந்திருக்கிறது.