அமிலக் குளத்தில் விழுந்தது யார்?

போன வாரம், விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் சோபாவில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று "சே!" என்று கத்தினாள். பல்லி விழுந்துவிட்டதோ என்று அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தேன். பல்லி இல்லை. அவள் எட்டு வருடமாகப் பார்த்துவரும் ஒரு வெளிநாட்டு விண்வெளித் தொடரில், மூன்றாவது சீசனில் செத்துப்போன ஒருவன் இப்போது திரும்பி வந்து நிற்கிறானாம்.

"செத்தது அவனே இல்லையாம்மா. வேற யாரோவாம். அன்னைக்கு நான் சாப்பிடாம அழுதேன்ல, அதுக்கு என்ன பதில் சொல்றானுங்க?"

முன்னால் சொன்ன கதையைப் பின்னால் வந்து மாற்றுவதற்கு 'ரெட்கான்' என்று பெயராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அதனால் இன்னும் கோபம். அவளிடம் எப்படிச் சொல்வேன்? இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், இலுப்பூரில், அந்தக் குற்றத்தை வாராவாரம் செய்தவள் நான். எங்களுக்கு ரெட்கான் என்ற சொல் தெரியாது. 'ஒட்டுப் போடுவது' என்போம்.

ஒட்டு என்று நினைத்தாலே எனக்கு யூரியா வாடை அடிக்கும். ஏனென்றால் நான் வேலை பார்த்த கேபிள் டிவி ஆபீஸ் உரக்கடைக்கு மேலே இருந்தது. கம்ப்யூட்டர் வகுப்பு முடித்த கையோடு கிடைத்த வேலை. உள்ளூர் சேனலில் ஓடும் வாழ்த்துகளையும் அறிவிப்புகளையும் நான்தான் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் வாரமே ஒரு வீட்டுக் காதுகுத்து விழாவைக் 'கத்திக்குத்து விழா' என்று அடித்து, தாய்மாமன்மார் ஆறு பேர் படியேறி வரும்படி செய்தேன். அத்தகைய திறமைசாலி.

ஆபீஸ் செல்வராசு அண்ணனுடையது. கேபிளும் நடத்துவார், கல்யாண வீடியோவும் எடுப்பார். அப்போது படத்தோடு படம் சேர்க்கிற மிக்சர் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். நீலத்துணிக்கு முன்னால் ஆளை நிறுத்தினால் பின்னால் நிலா, நட்சத்திரம், வளையம் போட்ட கோள் எல்லாம் வரும். ஆசையாக ஒரு மாப்பிள்ளையையும் பெண்ணையும் அதில் நிறுத்திக் காட்டினார். மாப்பிள்ளையின் அப்பா கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

"கல்யாணத்தன்னைக்கே எம்மகனைக் கிரகம் புடிக்க வச்சுட்டீங்களேய்யா!"

வாங்கிய மிக்சரைச் சும்மா வைத்திருக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. அப்படிப் பிறந்ததுதான் 'செம்மண் கோள்'. ஞாயிறுதோறும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினைந்து நிமிடம். எங்கள் பக்கத்து மண்ணின் நிறத்துக்கு செட்டும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். நார்த்தாமலைக்குப் போகிற வழியில் ஒரு மொட்டைப் பாறை இருந்தது. அதில் ஏறி நின்றால் வேற்றுக் கோள்தான், ஆடு மேய்க்கிறவர்கள் குறுக்கே வராதவரை.

கதை எழுதுவது நான். விண்கலத்தின் குரலும் நான்தான். அந்தக் காலத்தில் ஊர்ப் பெண் யாரும் கேமரா முன்னால் நிற்கச் சம்மதிக்க மாட்டார்கள்; குரலுக்கு முகம் கிடையாது என்பதால் என் வீட்டில் விட்டார்கள். கதாநாயகன் கேப்டன் ஆதவனாக நடித்தவன் பழுதான மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் முருகேசன். நல்ல உயரம், சுருட்டை முடி. பிளாஸ்டிக் குடத்தின் ஒரு பக்கத்தை வெட்டி, ஜிகினாத்தாள் ஒட்டி, அவன் தலையில் கவிழ்த்தோம். வெயிலில் அந்தக் குடத்துக்குள் அவன் வசனம் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். விண்வெளி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஊர் ஒத்துக்கொண்டது.

ஒத்துக்கொள்ளாத ஆள் ஒருவர் உண்டு. சவரிமுத்து சார், அறிவியல் வாத்தியார். கோடு போட்ட நீள நோட்டு ஒன்றில் வாராவாரம் குறிப்பெடுத்துக்கொண்டு திங்கட்கிழமை படியேறி வருவார்.

"மூணாவது வாரம் இந்தக் கோளுக்கு ரெண்டு நிலான்னு சொன்னீங்கம்மா. நேத்து மூணு நிலா தெரிஞ்சுச்சு."

"ஒண்ணு இப்பத்தான் வந்துச்சு சார்," என்பார் செல்வராசு அண்ணன், கேசட்டைத் துடைத்தபடி.

எங்களிடம் சரிபார்க்கப் பழைய கேசட்டும் இருக்காது. ஒளிபரப்பானதும் அதன் மேலேயே அண்ணன் அடுத்த முகூர்த்தத்தைப் பதிந்துவிடுவார். ஆக, எங்கள் கோளின் முழு வரலாறும் இருந்தது சார் நோட்டில் மட்டும்தான்.

ஒரு வியாழக்கிழமை முருகேசன் ஓடி வந்தான். துபாய் விசா வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை பிளேன். எங்களுக்கு மறுநாளே அவனைச் சாகடிப்பதைத் தவிர வழி தெரியவில்லை. கல்குவாரிக் குட்டையில் பச்சைச் சாயப்பொடியைக் கரைத்து அமிலக் குளம் ஆக்கினோம். கேப்டன் ஆதவன் அதில் விழுந்து மறைந்தான். நான் குரல் நடுங்க, "கேப்டன்... பதில் சொல்லுங்கள் கேப்டன்..." என்றேன். அண்ணனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயம் போகாமல், பச்சைக் கையோடுதான் முருகேசன் விமானம் ஏறினான்.

அவன் ஏறின பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அது ஒளிபரப்பானது. திங்கட்கிழமை காலை சவரிமுத்து சாருக்கு முன்னால் படியேறி வந்தவர் முருகேசனின் அம்மா காளியம்மாள். மகனைத் தவிர வேறு யாரும் இல்லாதவர். மூச்சு வாங்க நின்றார்.

"கடல் தாண்டிப் போன புள்ளைய இப்புடி ஊரு பூராவும் பாக்கச் சாகடிச்சிருக்கீங்களே, ஒங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? அவன் போயிச் சேந்தானான்னு கூட இன்னும் சேதி வரல."

"பெரியம்மா, அது கதை..." என்றேன்.

"கதைதானே? அப்ப உசுரோட இருக்கான்னு எழுது."

இது நியாயமான பேச்சு. ஆனால் உயிரோடு இருக்க ஆள் ஊரில் இல்லையே. செல்வராசு அண்ணன் ஒரு யோசனை சொன்னார்: அமிலம் பட்டு முகம் மாறிவிட்டது, இனி கேப்டன் ஆதவனாக அவரே நடிப்பார். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு முன்னால் ஓடி வந்து நடித்தார். அதனால் அந்த வாரத்திலிருந்து எங்கள் கோளில் கேமரா அசையவே இல்லை. அண்ணன் அப்போதே இரண்டு சுற்று பருமன். அமிலம் ஆளைக் குட்டையாக்கிக் குண்டாகவும் ஆக்குமா என்று சார் நோட்டில் எழுதிக்கொண்டார்.

காளியம்மாள் மறுபடி வந்தார். "அது செல்வராசு மூஞ்சி. எம்புள்ள எங்க?"

அன்றைக்கு நான் போட்ட ஒட்டுதான் என் வாழ்நாள் சாதனை. அமிலக் குளத்தில் விழுந்தது ஆதவனே இல்லை. எதிரிகள் செய்து அனுப்பிய ஒரு நகல். குளத்திலிருந்து எழுந்து வந்ததும் அதே நகல்தான். தன்னையே ஆதவன் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. உண்மையான ஆதவன் தூரத்துக் கோள் ஒன்றில் ஒப்பந்த வேலையில் நலமாக இருக்கிறான். விண்கலத்துக்குக் கடிதம் அனுப்புகிறான்.

நான் எழுதியதைப் படித்துவிட்டுச் செல்வராசு அண்ணன் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "நான் நகலா தங்கச்சி?" என்றார். டீக்கடையில் எல்லாரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிடத் தொடங்கியிருந்த நேரம் அது. ஆனாலும் காளியம்மாள் வாசலில் நின்ற நிலையை அவரும் பார்த்தவர்தான். "சரி, எழுது" என்று குடத்தை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கடைசி ஒரு நிமிடம் ஆதவனின் கடிதத்தை விண்கலக் குரலில் வாசித்தேன். இங்கே சாப்பாடு பரவாயில்லை, இரவில் குளிர் அதிகம், கூட இருக்கிறவர்கள் நல்ல மனிதர்கள் என்று மனதில் வந்ததை எழுதினேன். முருகேசனிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம். அனுப்பிவைத்த ஏஜெண்டின் கடை பூட்டிக் கிடந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. அங்கே அவனுக்கு ஏதாவது ஆகியிருந்து, நான் இங்கே நலம் நலம் என்று வாசித்துக்கொண்டிருந்தால்? ஒரு நாள் காளியம்மாளிடமே சொல்லிவிட்டேன், கடிதப் பகுதியை நிறுத்திவிடலாம் என்று.

"நீ எழுதுறதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நான் என்ன கிறுக்கியா?" என்றார். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, "இருந்தாலும் எழுது தாயி. ஞாயித்துக்கெழம வரைக்கும் ஓட்டிரலாம்ல" என்றார்.

அந்த வாரக் கடிதத்தை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

ஆறாவது மாதம் பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு முருகேசனின் போன் வந்தது. அண்ணன் வண்டியில் போய்க் காளியம்மாளை அழைத்து வந்தார். பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டான். நாங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். அழுவார் என்று நினைத்தேன். ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் அவர் பேசிய முதல் பேச்சு இது:

"ஏன்டா, அந்தக் கேப்டன் வாரம் தவறாம லெட்டர் போடுறான். ஒனக்கு என்னடா கேடு?"

மோட்டார் வேலை என்று கூட்டிப்போய் வண்டி கழுவ விட்டிருக்கிறார்கள். நல்ல சேதி வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தானாம். இப்போதுதான் மோட்டார் ஷெட்டுக்கு மாற்றியிருக்கிறார்களாம். போனை வைத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் காளியம்மாள் பூத் படியில் உட்கார்ந்து அழுதார்.

இரண்டு வருடம் கழித்து முருகேசன் வந்தான். சுருட்டை முடியில் பாதி துபாய்த் தண்ணீரோடு போயிருந்தது. சென்ட் பாட்டில் கொடுத்துவிட்டு, "அண்ணே, நான் வந்துட்டேன், இனி நான்தானே கேப்டன்?" என்றான். செல்வராசு அண்ணன் முகம் மாறியது, இந்த முறை அமிலம் இல்லாமலே. இரண்டு வருடம் வெயிலில் குடம் சுமந்தவர் அவர். "ஊருக்கு இப்ப என்னையத்தான் தெரியும்டா" என்றார். இருவரும் சேர்ந்தே என் பக்கம் திரும்பினார்கள். நான் சவரிமுத்து சார் பக்கம் திரும்பினேன். அவர் நோட்டைப் புரட்டி, "ஒங்க கணக்குப்படி முருகேசன்தான் அசல். ஆனா நகல் செத்ததா எங்கயும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

கடைசியில் இப்படி எழுதினேன்: இரண்டு கேப்டன்களும் பாறையில் எதிரெதிரே நிற்க, ஆதவனின் தாய் வந்து உண்மையான மகனை அடையாளம் காட்ட வேண்டும். தாயாக நடிக்கக் காளியம்மாள் சம்மதித்தார். எங்கள் தொடரில் முகம் காட்டிய முதல் பெண் அவர். ஒரே வசனம், 'இவனே என் மகன்', முருகேசனைக் கைகாட்டிச் சொல்ல வேண்டும்.

பாறை மேல் நல்ல வெயில். இரண்டு பேரும் குடத்தைக் கழற்றிக் கையில் பிடித்து நின்றார்கள். வியர்வை கொட்டியது. காளியம்மாள் நடந்து வந்து மகனைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். கையைத் தூக்கவே இல்லை.

"ரெண்டும் எம்புள்ளதான். வெயில்ல நின்னது போதும், சாப்புட வாங்க."

சொல்லிவிட்டுப் பாறையிலிருந்து இறங்க ஆரம்பித்தார். இரண்டு கேப்டன்களும் பின்னாலேயே போனார்கள். அசையாத கேமரா வெறும் பாறையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே ஒளிபரப்பினோம். அதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. தொடர் அதோடு நின்றது. சவரிமுத்து சார் அந்தத் திங்கட்கிழமை வரவில்லை.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை. வீட்டுக்கு வீடு குடை ஆண்டெனா வந்ததும் கேபிளை எடுத்துவிட்டார்கள். சார் மாற்றலாகித் திருச்சிப் பக்கம் போனார், நோட்டும் அவரோடு போனது. மொட்டைப் பாறை ஜல்லியாக லாரி ஏறி, எந்தெந்த ஊர் ரோட்டிலோ கிடக்கிறது.

காளியம்மாள் போன வருடம் காலமானார். முருகேசன் மொட்டை போட்டபோது செல்வராசு அண்ணனும் பக்கத்துப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார். நாவிதர் அவர் தலையையும் நனைத்தார். காரியம் முடிந்த மறுநாள், அந்தக் கடைசி நாள் கேசட்டில் அவர் குரல் இருக்குமே என்று மூவரும் அண்ணன் வீட்டுப் பரணைத் தேடினோம். கிடைத்த கேசட் முழுக்க யாரோ ஒருவரின் புதுமனை புகுவிழா.

"ஆத்தா அன்னைக்கு என்ன சொன்னுச்சு?" என்று கேட்டான் முருகேசன். 'ரெண்டும் எம்புள்ள' என்று சொன்னார் என்றேன். இல்லை, 'இவனும் எம்புள்ள' என்று தன் கையைப் பிடித்தார் என்றார் அண்ணன். முருகேசனுக்கு நினைவிருந்தது 'சாப்புட வாங்க' மட்டும்தான். கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தோம். பிறகு புதுமனை புகுவிழாவைக் கடைசிவரை ஓடவிட்டோம், ஓரத்திலாவது அவர் குரல் மிச்சம் இருக்கிறதா என்று. இல்லை.