உப்பின் மேல் போட்ட பழி

எங்கள் தலைமன்னாரில் எது பழுதானாலும் பழி உப்புக் காற்றின் மேல்தான் விழும். மின்விசிறி நின்றாலும் உப்பு, சைக்கிள் சங்கிலி அறுந்தாலும் உப்பு. என் கணவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். அவருக்கு இது வேதவாக்கு.

பிள்ளைகள் வளர்ந்தபின் முதன்முதலாக எனக்கு ஒரு வேலைக்கு நேர்முகத்தேர்வு வந்திருந்தது. வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து அனுப்பும் வேலை. தட்டச்சையும் சோதிப்பார்கள் என்பதால் போனில் சமாளிக்க முடியாது, கணினி வேண்டும். எங்களுடையதோ தூங்கி வழியும். அதற்காக, லண்டனில் இருக்கும் கணவரின் அண்ணா தன் கணினியிலிருந்து கழற்றிய, வேகத்தைக் கூட்டும் மெமறித் தகடு ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். தேர்வன்று காலையில்தான் கணவர் அதைப் பழைய மெமறிக்குப் பக்கத்தில் செருகினார். திரை இருண்டுபோய், பெட்டி விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியது.

“உப்புப் பிடிச்சிருக்கு” என்றார். இரண்டையும் கழற்றி, மகளின் அழிறப்பரால் பொன்னிறப் பற்களைத் தேய்த்து, இரண்டையும் திரும்பச் செருகினார். கத்தல் நிற்கவில்லை. மறுபடியும் தேய்த்தார்.

“நேற்றுவரைக்கும் பழசு ஓடினதுதானே. புதுசை மட்டும் கழட்டிப் பாருங்கோ.”

“அண்ணா அனுப்பின சாமானில பிழை வருமோ? நீ கொஞ்சம் சும்மா இரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் தேடிப் பார்த்தால், எங்கள் கணினி அந்த வகை மெமறியை ஏற்காது என்று தெளிவாகவே போட்டிருந்தது. செருகும் இடம் பொருந்தினால் மட்டும் போதாதாம். இதைச் சொன்னால் கேட்கிற மனிதரா? “கறிக்கு மீன் இல்லை, துறைக்குப் போயிட்டு வாங்கோ” என்று அனுப்பிவைத்தேன். மீன் இல்லை என்றால் அவருக்கு வேறெதுவும் ஓடாது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் புதியதைக் கழற்றினேன். பொத்தானை அழுத்தியதும் ஒரே ஒரு சின்னச் சத்தம், பிறகு திரையில் வெளிச்சம். எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

தட்டச்சுச் சோதனை முடிந்தபின், தேர்வு நடத்திய பெண் திரையில் கேட்டார்: “வீட்டிலயிருந்து வேலை செய்யேக்க கணினி பழுதானா ஆர் பாப்பினம்?”

“நான்தான்” என்றேன்.

அவருடைய பார்வை என் தோளுக்குப் பின்னால் போனது. திரும்பினேன். வாசலில் மீன் பையோடு கணவர் நின்றார். மேசையில் தனியே கிடந்த அண்ணாவின் மெமறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஓம் மிஸ்” என்றார், “அவதான் பாக்கிறவ.”