நாற்பத்தேழாம் எண்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். எண்ணூரில் எங்கள் தொழிற்சாலையின் பழைய கருவிப் பதிவேட்டில், நாற்பத்தேழு என்ற எண்ணுக்கு நேராக அந்த நேரம் நீல மையில் எழுதப்பட்டிருக்கிறது. எடுத்த பொருள், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற, நீளக் கைப்பிடி கொண்ட சின்னக் கண்ணாடி. நாற்பத்தேழு என்னுடைய எண். ஆனால் அந்த நிமிடத்தில் நான் எண்ணூரிலேயே இல்லை. ராயபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமின் அறுவை அறைக்கு வெளியே, என் மனைவியின் வளையல்களையும் கொலுசையும் முடிந்த கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பன்னிரண்டு நிமிடம் கழித்து என் மகள் பிறந்தாள். எனக்கு நடந்த மிக நல்லதும் மிகக் கெட்டதும் ஒரே கால் மணி நேரத்துக்குள் நடந்தன. நல்லது அன்றே தெரிந்துவிட்டது. கெட்டது தெரிய நான்கு நாள் ஆயிற்று.

நாங்கள் ராக்கெட்டுகளுக்கான எரிபொருள் கலங்கள் செய்யும் பிரிவில் இருந்தோம். வேறு எந்தப் பட்டறையிலும் ஒரு திருப்புளி தொலைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வார்கள். எங்கள் பிரிவில் அப்படி முடியாது. தொலைந்தது கலத்துக்குள் கிடக்கிறதா என்று தெரியாதவரை அந்தக் கலம் நகரக் கூடாது. அதனால் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை டோக்கன்கள் உண்டு. ஒரு கருவியை வாங்கும்போது அது இருந்த ஆணியில் நம் டோக்கனை மாட்ட வேண்டும். கருவியைத் திருப்பிக் கொடுத்தால் டோக்கன் திரும்பி வரும். வெளியே போகும்போது டோக்கன்களைக் கருவி அறையில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அன்று காலை, மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தபோது நான் அதைச் செய்யவில்லை. இடுப்பு வளையத்தோடு என் வேலை மேசைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஓடினேன். என் பிழை அவ்வளவுதான். இன்று வரை அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வெளியே போக அனுமதிச் சீட்டில் கையெழுத்திட வேண்டிய மேலாளர் இடத்தில் இல்லை. கருவி அறைக்காரர்தான் என்னைப் பின் கதவு வழியாக அனுப்பினார். காத்திவாக்கத்து மீனவக் குடும்பம், ஒப்பந்தத் தொழிலாளி. "கார்டு நான் குத்திக்கிறேன் நைனா, நீ போய் புள்ளயப் பாரு" என்றார். சொன்னபடி மாலை சங்கு ஊதியதும் என் வருகை அட்டையையும் சேர்த்துக் குத்திவிட்டார். ஆக, தொழிற்சாலையின் ஏடுகள் எல்லாவற்றின்படியும் நான் அன்று முழுவதும் உள்ளேதான் இருந்தேன்.

அப்போது வாரக் கடைசியில்தான் கருவிகளை எண்ணுவோம். சனிக்கிழமை எண்ணியபோது கண்ணாடி இருந்த ஆணியில் என் நாற்பத்தேழு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கலத்தை மூடி, பற்றவைத்து, அனுப்பியும் விட்டார்கள். போன இடத்தில் குலுக்கிப் பார்த்தபோது உள்ளே எதுவோ உருண்டது. எக்ஸ்ரே படத்தில் கண்ணாடி தெளிவாகத் தெரிந்ததாம். எட்டு மாத உழைப்பு பழைய இரும்பாயிற்று.

கலத்தின் உட்புறத்தைப் பார்க்க என் டோக்கனைக் கொடுத்துக் கண்ணாடியை வாங்கியவர் யார் என்று கருவி அறைக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார். புதிதாகச் சேர்ந்திருந்த விமானப் பொறியாளர். தண்டையார்ப்பேட்டைப் பையன். எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் படிப்புப் படித்து வந்த முதல் ஆள் என்று எங்களுக்கெல்லாம் அவர்மேல் பெருமை. எங்களோடு உட்கார்ந்து நெத்திலிக் குழம்பு சாப்பிடுவார். என்னை "மாமு" என்பார். பொறியாளர்களுக்கும் டோக்கன் உண்டு. ஆனால் அவர் இடுப்பில் ஒருநாளும் நான் அதைப் பார்த்ததில்லை. கருவி அறைக்காரர் என்னிடம் சொன்னதை விசாரணையில் சொல்லவில்லை. "சொன்னா, நீ வெளிய போனதும் நான் கார்டு குத்துனதும் சேந்து வந்துரும் நைனா. என் வேலயும் பூடும், ஒனக்கும் ரெண்டு குத்தம் ஆவும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பேசவில்லை. விசாரணை அறையில் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் அந்தப் பொறியாளர்தான். நான் தலை நிமிர்ந்தபோதெல்லாம் அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

என்னைச் சுவருக்கு அந்தப் பக்கம், சாதாரண எரிவாயு உருளைகள் செய்யும் கொட்டகைக்கு மாற்றினார்கள். அவரோ எடுத்த குறிப்பை வைத்து ஒரு விதிமுறை எழுதினார். தினமும் மூன்று முறை எண்ண வேண்டும், ஒன்று குறைந்தால் ஒருவரும் கதவைத் தாண்டக் கூடாது, டோக்கன் யாருடையதோ பொறுப்பு அவருடையது. நல்ல விதிமுறை. அதைச் சொல்லவே வாய் கசக்கிறது, ஆனால் நல்ல விதிமுறைதான். அதற்குப் பிறகு எங்கள் கலம் எதிலும் எதுவும் உருளவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்து பார்த்துக் கை குலுக்கினார்கள். அவர் பிரிவுத் தலைவரானார், ஆலைத் தலைவரானார், பெங்களூருக்குப் போய் இன்னும் பெரியவராகத் திரும்பினார். ஐந்து ஆண்டுகளாக நிர்வாக இயக்குநர். இப்போது குழுமத்துக்கே தலைவராகப் போகிறார் என்று பேச்சு.

அந்தப் படிகளை எல்லாம் நான் சுவரின் மறுபக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் படம் வந்த பத்திரிகைகளைச் சேர்த்து வைத்தேன். பேட்டி எதுவானாலும் அந்த வாக்கியம் வந்துவிடும்: ஒரு தொழிலாளியின் கவனக்குறைவுதான் என்னை உருவாக்கியது. அவருக்கு நெஞ்சுவலி என்று கேள்விப்பட்ட மதியம் நான் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன். பிழைத்துவிட்டார் என்று தெரிந்த மாலை எனக்கு அஜீரணம். அவர் கார் ஆலை வாசலைத் தாண்டும்போது காவலாளி சல்யூட் அடிப்பார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வேன். இருபத்தைந்து ஆண்டு சரிசெய்தும் அறாத வார் அது.

என் மகளை விமானப் பொறியியல் படிக்கச் சொன்னது நான்தான். அதே நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னதும் நான்தான். அவள் கெட்டிக்காரி என்பதற்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பாதிதான். என்றாவது ஒருநாள் என் ரத்தம் அவருக்கு எதிரே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது மீதி. ஒரு தகப்பன் பிள்ளையை அப்படி அனுப்பலாமா? அனுப்பினேன். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்த முதல் நாள் அவளைப் பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பித்தளை டோக்கன் இருக்கிறது. எண் நாற்பத்தேழு. புதிதாகச் சேரும் எல்லாருக்கும் அதைக் காட்டித்தான் பாடம் தொடங்கும். அன்று மாலை சாப்பிடும்போது அவள் எங்களிடமே சொன்னாள்: "நாப்பத்தேழு மாதிரி ஆயிடாதேன்னு எங்க டிபார்ட்மென்ட்ல திட்டுவாங்கப்பா. எவனோ ஒருத்தன், ராக்கெட்டுக்குள்ள கண்ணாடியை விட்டுட்டு வூட்டுக்குப் போயிட்டானாம்." என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போனாள். நான் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.

இரண்டு மாதத்துக்கு முன், வெளிநாட்டுத் தணிக்கை வருகிறது என்று, எல்லா விதிமுறைகளுக்கும் மூல ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். பழைய பதிவேட்டையும் விசாரணைக் கோப்பையும் திறந்திருக்கிறாள். கோப்பில் என் பெயர். பதிவேட்டில் அவள் பிறந்த தேதி.

அன்று ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். பையைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"நாப்பத்தேழு நீங்களாப்பா?"

நான் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தேன். கூட்டினேனோ, நினைவில்லை.

"நான் பொறந்தது மூணு இருபத்திரண்டு. ஆபரேஷன்னு சொன்னதும் நீங்க தூணைப் பிடிச்சுக்கினு அழுதீங்கன்னு அம்மா எத்தினி தடவ சொல்லிக் கீது. அப்புறம் எண்ணூர்ல கண்ணாடி வாங்கினது யாரு?"

என் மனைவி பீரோவைத் திறந்தாள். நர்சிங் ஹோமில் கொடுத்த கோப்பை அவள் தூக்கிப் போட்டதே இல்லை. அதில் அறுவைக்கு நான் ஒப்புதல் தந்த படிவத்தின் கார்பன் நகல் இருந்தது. என் கையெழுத்து. நேரம் இரண்டு ஐம்பத்தைந்து.

"இது இத்தினி நாளா இங்கயேவா இருந்துச்சு?" என்றாள் மகள்.

பேசாததற்குக் காரணமாக நான் கருவி அறைக்காரரைச் சொன்னேன். அவர் ஒப்பந்த வேலையைச் சொன்னேன். "அவர் செத்துப் போயி ஒரு வருஷம் ஆச்சேப்பா" என்றாள்.

மறுநாள் அவள் மறுப்பு அறிக்கை பதிவு செய்தாள். விதிமுறையின் முகவுரையில் சொல்லப்பட்ட காரணம் தவறு, டோக்கனுக்கு உரியவர் அந்நேரம் ஆலையில் இல்லை, இணைப்பு: அறுவை ஒப்புதல் படிவமும் கீழே கையெழுத்திட்டவரின் பிறப்புச் சான்றிதழும் என்று எழுதியிருந்தாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். வேலை போகும், வேறு எங்கும் எடுக்க மாட்டார்கள், கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்று என்னென்னவோ சொன்னேன். அவளுடைய மேலாளர் கூப்பிட்டுத் திரும்பப் பெறச் சொன்னார். மறுத்ததும் இருக்கையை மாற்றி, கழிப்பறைக்கு எதிரே போட்டார்கள். அன்றிலிருந்து அவள் வீடு திரும்பும்வரை நான் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடப்பேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை இரண்டாயிற்று. அத்தனை பயத்துக்கும் அடியில் ஒரு சின்ன சந்தோஷம் கொதித்துக்கொண்டிருந்ததையும் மறைக்க மாட்டேன்.

ஏனென்றால் மறுப்பு பதிவானால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அந்த விதிமுறையே சொல்கிறது. அதை எழுதியவரே நேரில் பதில் தர வேண்டும். "ஏன்" என்று ஐந்து முறை கேட்டு ஐந்துக்கும் ஒரு படிவத்தில் விடை எழுத வேண்டும். "கவனக்குறைவு" என்பது விடையாகாது. டோக்கனுக்கு உரியவர் படித்துக் கையெழுத்திட்டால்தான் படிவம் மூடப்படும். மூடாத படிவத்தோடு தணிக்கை நடக்காது. ஒவ்வொரு வரியும் அவர் எழுதியது.

அந்தப் படிவம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தணிக்கை தள்ளிப்போயிருக்கிறது. தலைவர் பதவியும் அதோடு தள்ளிப்போயிருக்கிறது. பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன்.

அதைக் கொண்டுவந்தவர் அவரேதான். ஞாயிற்றுக்கிழமை காலை, திருவொற்றியூர் தேரடியில் காரை நிறுத்திவிட்டு எங்கள் சந்துக்குள் நடந்து வந்திருந்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இருபத்தைந்து ஆண்டாக இந்தக் காட்சியை எத்தனை விதமாக ஒத்திகை பார்த்திருப்பேன்! அவரைக் கண்டதும் நான் முதலில் செய்தது, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டது. என் கையை நானே வெட்டிப் போட்டிருக்கலாம். உட்காருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

"நல்லா இருக்கியா மாமு?" என்றார்.

"நல்லாத்தான் கீறோம். நாப்பத்தேழுக்கு இன்னா கொறச்சல்?" என்றாள் என் மனைவி, மீன் அரிவதை நிறுத்தாமல்.

அவர் படிவத்தை நீட்டினார். கருவியை எடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தார். அதன் கீழே ஒரே ஒரு சொல்: கவனக்குறைவு. "ஒரு கையெழுத்து போதும். பொண்ணுக்கு ஒரு கெடுதலும் வராது, நான் பாத்துக்கறேன்" என்றார்.

தலைக்குக் குளித்துத் துண்டைச் சுற்றியிருந்த மகள் வந்து என் கையிலிருந்து படிவத்தை வாங்கினாள்.

"கவனக்குறைவு விடை ஆகாது சார். நீங்க எழுதின விதி." பேனாவின் மூடியைக் கழற்றினாள். "அப்பா டோக்கனை ஏன் எடுத்தீங்க?"

"அவசரம்மா. கொக்கியில இருந்தது, கைக்குக் கிடைச்சது."

"உங்க டோக்கனை ஏன் எடுக்கல?"

"டிராயர்ல இருந்தது." கொஞ்சம் நிறுத்தினார். "அத்த இடுப்புல மாட்டிக்கினு சுத்தறது லேபர் வேலன்னு நெனச்சேன்."

அவள் எழுதினாள். "கண்ணாடி உள்ள இருக்குதுன்னு ஏன் சொல்லல?"

"மூடுனப்பறம்தான் நெனப்பு வந்துச்சு. தெறக்கச் சொன்னா வேல பூடும். பேஜாராயிடும்னு பயம்."

"விசாரணையில ஏன் சொல்லல?"

"என்னைத்தான் குறிப்பு எழுதச் சொன்னாங்க. எழுத எழுத அது ஒரு பெரிய திட்டமா ஆயிடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. அப்பால எங்கேந்து சொல்றது?"

மீன் அரியும் சத்தம் நின்றிருந்தது. மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷம் ஏன் சார் சொல்லல?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்ததிலிருந்து என்னைத் தவிர்த்துக்கொண்டிருந்த அவர் கண்கள் முதல் முறையாக என்மேல் நின்றன.

"உங்கப்பா ஒரு தபா கூட என்னாண்ட வந்து கேக்கலியேம்மா" என்றார்.