முழங்காலிலிருந்து எழாத மகள்

ராஜபாளையம் தேவாலயத்தில் ஜெபம் முடிந்தும் என் மகள் ரூத் முழங்காலிலிருந்து எழவில்லை. "ஏட்டி, வேசம் போடாத," என்று கிள்ளினேன். கையையும் தூக்க முடியவில்லை என்று அவள் அழவும், எங்கள் தெருக் கம்பவுண்டரிடம் கூட்டிப்போனேன். அவரோ அவளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "சோம்பல்தாம்மா. வேலை குடுங்க, சரியாப் போகும்," என்றார். அதை நம்பி, கை தூக்க முடியாத பிள்ளையைத் தண்ணீர் இறைக்க வைத்தேன். ஒருநாள் குடித்த கஞ்சி மூக்கில் ஏறி, அவளுக்கு மூச்சுத் திணறியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா அவள் இமைகளின் ஊதா வீக்கத்தைப் பார்த்ததுமே, "இது தோலையும் சதையையும் சேத்துத் தாக்குற நோவு. உள்சதையெல்லாம் அழற்சி கண்டு கெடக்கு. இவளையா வேலை வாங்குனிய?" என்றார்.

கம்பவுண்டரை என்னால் மன்னிக்க முடியவில்லை. கிள்ளிய என் விரல்களையும்தான். இப்போது அவளை நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்டுகிறேன், வெயில் பட்டால் நோவு கூடும் என்று டாக்டரம்மா சொன்னதால் வெயிலில் விடுவதில்லை. தினமும் காலையில் சீப்பை அவள் கையில் கொடுத்து, இன்று கையை எவ்வளவு உயரம் தூக்குகிறாள் என்று பார்க்கிறேன். மிச்சத் தலையை நான் வாருகிறேன்.